வெந்நீர் டேங்குக்கு ஒப்பாரி

ஹனன்யா புஸ்கிலாவை வருஷத்தில் ஒரே ஒரு நாள் நாடு முழுக்க நினைத்துக்கொள்ளும். அந்த ஒரு நாளைத்தான் அவருக்குக் கட்டோடு பிடிக்காது.

போரில் செத்தவர்களை நினைக்கும் நாள் அது. முந்தின நாள் இரவு எட்டு மணிக்குச் சங்கு ஊதி ஓய்ந்ததும் வானொலி தன் குரலை இறக்கிக்கொண்டுவிடும். விளம்பரம் கிடையாது, அரட்டை கிடையாது, மறுநாள் பொழுது சாயும்வரை மெதுவான பாட்டுகள் மட்டும். அதில் குறைந்தது ஆறு தடவையாவது நீலி அவ்ரோன் பாடிய ‘என் தாவீத்’ வந்துவிடும். “சொல்லும் இசையும் ஹனன்யா புஸ்கிலா” என்று சொல்லும்போது அறிவிப்பாளரின் குரல் இன்னும் ஒரு படி இறங்கும். ஹைஃபாவை அடுத்த கடற்கரை ஊரான கிரியாத் யாமில், நாலாவது மாடி அடுக்களையில் வெள்ளரிக்காய் நறுக்கிக்கொண்டிருக்கும் ஹனன்யா கத்தியைக் கீழே போடுவார்.

“தாவீத் இல்லடா, தூத்! தூத்! எத்தன வருஷமா சொல்றேன், தூத்!”

அவர் மனைவி லெவானா எழுந்துபோய் ஜன்னலைச் சாத்துவாள். “யாருகிட்ட சொன்னே? எங்கிட்டதான் சொல்றே. எனக்குத்தான் தெரியுமே. நான்தானே அன்னிக்கு நடுங்கிக்கிட்டு நின்னேன்.”

விஷயம் மூன்றே எழுத்து. தாலெத், வாவ், தாலெத். ஹீப்ருவில் பெரியவர்களுக்கு எழுதும்போது உயிர்க்குறி போடும் வழக்கம் இல்லை. எலும்பை மட்டும் எழுதிவிட்டு, சதையைப் படிக்கிறவன் தலையில் கட்டிவிடுவார்கள். இந்த மூன்று எழுத்தைத் தாவீத் என்று படித்தால் ஆள் பேர். தோத் என்று படித்தால் மாமா. தூத் என்று படித்தால், ஊரில் ஒவ்வொரு மொட்டைமாடியிலும் வெயில் காய்ந்தபடி கிடக்கும் வெந்நீர் டேங்க்.

ஹனன்யா எழுதியது டேங்கைப் பற்றி.

அவர் சோகப் பாட்டு எழுதப் பிறந்தவரே அல்ல. பதினெட்டு வயதில் ராணுவ இசைக்குழுவில் சேரப் போனபோது, மலையேறி மாண்ட வீரர்களைப் பற்றி ஒரு பாட்டைப் பாடச் சொன்னார்கள். இரண்டாவது அடியிலேயே தேர்வாளர் மூவரும் குனிந்து சிரித்தார்கள். “தம்பி, உன் மூஞ்சியே சிரிப்பா இருக்கு, நாங்க என்ன செய்ய?” என்று அனுப்பிவிட்டார்கள். மூன்று வருஷம் கிடங்கில் போர்வை மடித்தார். வெளியே வந்து கல்யாணங்களில் கீபோர்டு வாசித்தார். மாப்பிள்ளையின் மாமியார் ஆடும்போது அவள் ஆட்டத்துக்கேற்ப வரிகளை அந்த இடத்திலேயே கட்டிப் பாடுவார். மாமியார்கள் அடுத்த கல்யாணத்துக்கும் அவரையே கூப்பிட்டார்கள்.

எண்பத்தெட்டில் ‘ஒரே ஒரு கேள்வி’ என்று ஒரு பாட்டு எழுதினார். மருத்துவமனை வரிசையில் நாற்பது பேர் காத்திருக்க, “எனக்கு ஒரே ஒரு கேள்விதான்” என்று உள்ளே நுழைந்து அரை மணி நேரம் உட்கார்ந்துகொள்ளும் அந்த மனிதனைப் பற்றியது. அந்தக் கோடை முழுக்க அது வானொலியில் வந்தது. பஸ் டிரைவர்கள் அவரைப் பார்த்து, “ஏறு, ஏறு, உனக்கு ஒரே ஒரு கேள்விதானே?” என்றார்கள். ஹனன்யா வேலைவெட்டியை விட்டுவிட்டுப் பன்னிரண்டு பாட்டுகளோடு ஒரு இசைத்தட்டு தயார் செய்தார். அது கடைக்கு வந்தது தொண்ணூற்றொன்று ஜனவரியில். அதே வாரம் வானத்திலிருந்து ஏவுகணை விழ ஆரம்பித்தது. நாடே விஷவாயுவுக்குப் பயந்து ஜன்னலில் பிளாஸ்டிக் ஒட்டி, முகமூடி மாட்டிக்கொண்டு அறைக்குள் உட்கார்ந்திருந்தபோது, இசைத்தட்டுக் கடைக்குப் போய்ச் சிரிப்புப் பாட்டு கேட்க எவன் வருவான்? போர் முடிந்து கடை திறந்தபோது தட்டுகளில் பாதி அட்டை ஈரத்தில் ஊறியிருந்தது.

அடுத்த குளிர்காலம் கொட்டித் தீர்த்தது. வெயிலே இல்லை; டேங்குத் தண்ணீரை ஸ்விட்ச் போட்டு மின்சாரத்தில்தான் சூடாக்கவேண்டும். கல்யாணமாகி நாலு மாதம். லெவானா தலையில் சோப்பு நுரையோடு குளியலறையிலிருந்து கத்தினாள்: “தண்ணி ஐஸா இருக்கு! ஸ்விட்ச் போட்டியா?” நடையில் ஸ்விட்சின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. மேலே மாடியில் டேங்குக்குள் சூடாக்கும் கம்பி எரிந்துபோய் வாரமாகியிருக்கிறது, யாருக்குத் தெரியும்? அன்று பிற்பகல், மூக்கு ஒழுக, ஹனன்யா அந்தப் பாட்டை எழுதினார்.

*என் தூத், ஏன் அணைந்துபோனாய்?*
*மேலே நீ, கீழே நான், நடுவில் குளிர்.*
*நடையிலே சின்னச் சிவப்பு விளக்கு*
*யாருக்காக இன்னும் எரிகிறது?*

தர்புக்கா என்கிற கைமத்தளத்தின் தாளத்தில், ஓட்டமாக, தோள் குலுங்கப் பாடவேண்டிய பாட்டு. காகிதத்தைப் பார்த்த மக்லூஃப் மாமா அதைத் தோத் என்று படித்துவிட்டு இரண்டு வாரம் பேசவில்லை. “நான் எங்கடா அணைஞ்சேன்? குத்துக்கல்லாட்டம் இருக்கேன்!” என்று பிறகு வந்து சண்டை போட்டார். அப்போதாவது புத்தி வந்திருக்கவேண்டும். மூன்று எழுத்துக்கு நடுவில் ஒரு புள்ளி போட்டிருந்தால் ஹனன்யாவின் தலையெழுத்தே வேறாகியிருக்கும். போடவில்லை. பிள்ளைகள் புத்தகத்திலும் வேதத்திலும்தான் குறி போடுவார்கள், நான் என்ன பிள்ளையா என்று விட்டுவிட்டார்.

அந்த நேரத்தில் நீலி அவ்ரோன் தன் மேடைக்கு ஒரு வேடிக்கைப் பாட்டு தேடுகிறாள் என்று கேள்விப்பட்டு, காகிதத்தை உறையில் போட்டு டெல் அவீவுக்கு அனுப்பினார். நீலி அப்போது உச்சத்தில் இருந்தாள். உறையைப் பிரித்தாள், தாவீத் என்று படித்தாள், அழுதாள். பெயருக்கேற்ற கண்ணீர் என்று ஹனன்யா பிற்காலத்தில் சொல்வதுண்டு. ஆனால் அது நிஜ அழுகைதான், அதுதான் கொடுமை. தூத்துக்கு ஹனன்யா எழுதியிருந்தது ஒரே ஒரு நீண்ட சுரம். நீலி அதை இரண்டாக உடைத்து ‘தா... வீத்...’ என்று இழுத்தாள். தர்புக்கா போய், வில்லால் இழுத்து அழவைக்கும் செல்லோ வந்தது. ஒரு வார்த்தை ஹனன்யாவைக் கேட்கவில்லை.

முதல் தடவை அவர் அதைக் கேட்டது பஸ்ஸில், தொண்ணூற்றுமூன்றின் நினைவு நாளில். டிரைவர் ஒலியைக் கூட்டினார். முன்சீட்டுப் பெண் கைக்குட்டை எடுத்தாள். பக்கத்திலிருந்த வயசாளி கண்ணை மூடிக்கொண்டார். ஹனன்யாவுக்கு முதலில் புரியவில்லை. எங்கோ கேட்ட வரியாக இருக்கிறதே என்று நினைத்தார். ‘சின்னச் சிவப்பு விளக்கு’ வந்ததும் எழுந்து நின்று, “ஐயையோ, இது என் பாத்ரூம்!” என்றார். பஸ் முழுக்கத் திரும்பி முறைத்தது. அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிட்டார்.

நீலிக்குத் தொலைபேசியில் சொன்னார். “ஹனன்யா, என் உயிரே,” என்றாள் அவள், “நேத்து ஒரே நாள்ல எனக்கு அறுபது கடுதாசி. எல்லாம் மகனை இழந்த அம்மாமார். இப்ப நீ எங்கிட்ட ஹீட்டர் கதை சொல்றியா?” வைத்துவிட்டாள். அதற்குப் பிறகு அவர் கூப்பிட்டால் அவள் உதவியாளன்தான் எடுத்தான்.

அதோடாவது நின்றிருக்கலாம். ஒரு பத்திரிகைக்காரப் பெண் ஹைஃபாவில் ஒரு காப்பிக்கடைக்கு அவரைக் கூப்பிட்டு, “யார் அந்தத் தாவீத்?” என்று கேட்டாள். சொல்லத்தான் வாயைத் திறந்தார். பக்கத்து மேஜையிலிருந்த ஒரு அம்மாள் அவரை அடையாளம் கண்டு, எழுந்து வந்து, ஒன்றும் பேசாமல் அவர் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டுப் போனாள். ஹனன்யா வாயை மூடிக்கொண்டு, “அதப் பத்திப் பேச வேணாமே” என்றார். மறுநாள் அதுவே தலைப்பு. ஒரு பொய்கூடச் சொல்லவில்லை, அதுதான் பிரச்சினை. பொய் சொல்லியிருந்தால் ஒத்துக்கொண்டு மன்னிப்புக் கேட்கலாம். பேசாமல் இருந்ததற்கு எப்படி மன்னிப்புக் கேட்பது?

ஊர் வாய்க்கு அது போதுமாக இருந்தது. ஹனன்யா சிரிப்புப் பாட்டு எழுதிக் கொண்டுபோனால் வானொலியில், “ஹனன்யா, உங்க கிட்டருந்து இதுவா? உங்க ஆழம் எங்க, இது எங்க?” என்றார்கள். கல்யாணங்களுக்குக் கூப்பிடுவதும் நின்றது. சாவுப் பாட்டுக்காரனைக் கொண்டுவந்து மணப்பந்தலில் நிறுத்த எந்த அம்மாவுக்கு மனசு வரும்? தொண்ணூற்றுநாலில் ஓட்டுநர் பயிற்சி ஆசிரியர் உரிமம் வாங்கி, கூரையில் பலகை வைத்த ஒரு வெள்ளைக் காரில் ஊர்ப் பிள்ளைகளுக்குக் கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார். இருபத்தைந்து வருஷம் ஓடிவிட்டது. இடையில் பாட்டு எழுதாமலும் இல்லை. நாற்பது பாட்டு இழுப்பறையில் கிடந்தது. வருஷா வருஷம் அந்த நாளில் மட்டும் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, நகராட்சி நினைவுக் கூட்டத்தில், தன் வாயாலேயே ‘தா... வீத்...’ என்று பாடிவிட்டு வருவார். மறுக்க முடியவில்லை. முதல் வரிசையில் உட்கார்ந்திருப்பவர்கள், பிள்ளையைப் பறிகொடுத்த அவர் ஊர்க்காரர்கள்.

முதல் வரிசையில் எப்போதும் ஓரமாக உட்காருபவள் சிமி ஓகானா. பக்கத்து அடுக்கு வீடு. அவள் ஒரே மகன் பெயர் தாவீத். ஹனன்யாவிடம்தான் கார் பழகினான். இரண்டு தடவை தேர்வில் தோற்று மூன்றாவது தடவை தேறினான். தொண்ணூற்றேழில் லெபனான் சண்டையில் செத்துப்போனான். அவன் அடக்கத்திலும் நீலி பாட்டைத்தான் போட்டார்கள்.

இரண்டாயிரத்துப் பத்தொன்பது ஏப்ரலில், நகராட்சி கலைப் பிரிவிலிருந்து திக்வா கூப்பிட்டாள். திக்வாவுக்கு ஹலோ சொல்லும் பழக்கம் இல்லை.

“சுதந்திர நாள் மேடைக்கு வர வேண்டிய பாட்டுக்காரனுக்குத் தொண்டை போச்சு. வாணவேடிக்கைக்கு முன்னால இருபது நிமிஷம் ஓட்டை. யாராவது தெரியுமா?”

நினைவு நாள் முடிகிற அதே மாலையில் சுதந்திர நாள் ஆரம்பித்துவிடும். கொடி அரைக்கம்பத்திலிருந்து மேலே ஏறும், அழுதவர்கள் முகம் கழுவிக்கொண்டு வந்து ஆடுவார்கள். இருபத்தைந்து வருஷமாக ஹனன்யாவுக்கு முதல் பாதி மட்டும்தான். சுதந்திர நாள் மேடை அவருக்கு இல்லை.

“நான் பாடறேன்” என்றார்.

“நீயா? ஹனன்யா, அன்னிக்கு ஜனங்க சிரிக்கணும்.”

“எங்கிட்ட இருக்கிறது பூரா சிரிப்புப் பாட்டுதான் திக்வா!”

“அப்ப தாவீத்?”

“அது ஒண்ணுதான் இல்ல. இல்ல, அதுவும்தான். அது... விடு. இருபது நிமிஷம். குடு.”

நீண்ட பெருமூச்சு கேட்டது. “சரி. ஆனா காலைல கூட்டத்துல நீ பாடாதே. காலைல அழ வெச்ச ஆளே சாயங்காலம் ஆட வெச்சா ஜனங்க குழம்பிடுவாங்க. கூட்டத்துல பள்ளிக்கூடத்துப் பொண்ணு பாடட்டும்.”

தொலைபேசியை வைத்த கணமே ஹனன்யா முடிவு செய்துவிட்டார். அந்த மேடையில், முதல் பாட்டாக, தூத்தைத் தூத் என்றே பாடுவது. தர்புக்காவோடு, தோள் குலுங்க. ஐம்பத்தெட்டு வயசாகிவிட்டது. இப்போது பாடாவிட்டால், தன் சாவுக்கும் செல்லோவோடு அதையே போட்டு அனுப்பிவிடுவார்கள். அதை நினைத்தாலே அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

டிரம்ஸுக்கு ஸ்லாவாவைப் பிடித்தார். ஸ்லாவா கார்கிவிலிருந்து தொண்ணூற்றொன்றில் வந்தவன். ஒத்திகையில் ஹனன்யா முதல் அடியைப் பாடியதும் குச்சியைக் கீழே வைத்துவிட்டான்.

“என்னடா?”

“இந்தப் பாட்டுலதான் நான் ஹீப்ரு கத்துக்கிட்டேன். டீச்சர் அழுதாங்க. நானும் அழுதேன். இவ்வளவு வேகமா என்னால முடியாது ஹனன்யா.”

“இது வெந்நீர் டேங்குடா! கம்பி எரிஞ்சுபோன டேங்க்! ஸ்விட்சுல லைட் எரியுது, தண்ணி சூடாகல! அவ்வளவுதான்!”

ஸ்லாவா வரிகளை உதட்டுக்குள் முணுமுணுத்துப் பார்த்தான். முகம் மெல்ல மாறியது. “இருபத்தாறு வருஷம்” என்றான். “கெட்ட வார்த்தை சொல்லலாமா?”

“சொல்லு.”

ரஷ்ய மொழியில் வெகுநேரம் சொன்னான். பிறகு வாசித்தான். ஆனாலும் ஒவ்வொரு தடவையும் இரண்டாம் அடியில் கை தானாகத் தளர்ந்தது. “மன்னிச்சுக்கோ, பழக்கம்” என்பான்.

வீட்டில் லெவானா வேறு ஒன்றைச் சொன்னாள். “சிமிகிட்ட சொன்னியா?”

“என்னன்னு சொல்றது?”

“சொல்லாம மேடை ஏறினா, அங்கேயே படுத்துக்கோ. இந்த வீட்டுக்கு வராதே.”

“எதுக்கு இப்ப...”

“அவ ஜன்னலுக்கும் சதுக்கத்துக்கும் நடுவுல ஒரு கார் நிறுத்தற இடம்தான் இருக்கு. புள்ள பேரைச் சொல்லி இருபது வருஷம் கேட்ட பாட்டு. திடீர்னு தர்புக்காவோட டேங்குன்னு கேட்டா அவ என்ன ஆவா? போ. செருப்பை மாட்டு.”

மூன்று நாள் தள்ளிப்போட்டார். நாலாவது நாள் போனார். சிமிக்கு அறுபத்தெட்டு வயது, இரண்டு முழங்காலும் போயிற்று. கதவைத் திறந்ததும், “ஹனன்யாவா? உட்காரு. இளைச்சுப்போயிட்டே. லெவானா சமைக்கிறதில்லையா?” என்று மிளகாய் போட்ட சிவப்பு மீனைத் தட்டில் வைத்தாள். சாப்பிட்டார். புதினா டீ வைத்தாள். குடித்தார். பாதாம் பருப்பு வந்தது. நான் மாட்டிக்கொண்டேன் என்று நினைத்தார். இவள் ஊட்டி ஊட்டியே என்னை வாய் திறக்க விடமாட்டாள்.

“சிமி, நான் ஒரு விஷயம் சொல்ல வந்தேன்.”

“சாப்பிட்டுச் சொல்லு.”

“சாப்பிட்டாச்சு. அந்தப் பாட்டு... நம்ம பாட்டு. அதுல வர்றது...” பாதாம் ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டார். “அதுல வர்றது ஒரு ஆள் இல்ல, சிமி. நான் எழுதும்போது ஆள நெனச்சு எழுதல. நீலிதான் தப்பாப் படிச்சிட்டா. நானும் வாய மூடிக்கிட்டு இருந்துட்டேன். அது வந்து...”

“தூத்து” என்றாள் சிமி.

ஹனன்யா கையிலிருந்த பாதாம் கீழே விழுந்தது.

“ஏன்டா முழிக்கிறே? நடையில சிவப்பு விளக்கு, மேல ஒண்ணு, கீழ ஒண்ணு, குளிரு. நான் என்ன மண்டூகமா? பதினெட்டு வருஷம் தாவீதைப் பாத்து நாள் தவறாம ஒரே சத்தம்தான் போட்டேன். தூத்தை அணைச்சியா? தூத்தை அணைச்சியா? அரை மணி நேரம் குளிப்பான். டேங்க் பூரா காலி பண்ணுவான். எனக்குப் பாத்திரம் கழுவக்கூட ஒரு சொட்டு மிச்சம் வைக்கமாட்டான். வெளிய வந்து விளக்கை அணைக்கவும் மாட்டான்.”

“எப்பலேருந்து தெரியும்?”

“முதல் தடவை ரேடியோவுல கேட்டப்பவே. அப்ப அவன் இருந்தான். ரெண்டு பேரும் இந்த அடுக்களையில விழுந்து விழுந்து சிரிச்சோம். ‘அம்மா, இந்த ஆளு பாத்ரூமப் பத்தி எழுதிட்டு ஊரையே அழவெச்சுட்டாருமா’ன்னான்.”

இருபத்தாறு வருஷம் தொண்டையில் எலும்பாக நின்ற ரகசியம். பக்கத்து வீட்டு அடுக்களையில் அது முதல் நாளே சிரித்து முடிந்துபோன விஷயம். ஹனன்யாவுக்குக் கோபம்தான் வந்தது.

“அப்ப நீங்க ஏன் யாருகிட்டயும் சொல்லல? நான் எங்கிட்டு முட்டிக்கிட்டுத் திரிஞ்சேன்னு தெரியுமா? என் பொழப்பே போச்சு சிமி!”

“உன் பொழப்பு போனதுக்கு நான் என்ன செய்ய? நீதானே எழுதினே? நீ சொல்லியிருக்கணும்.” டீக் கோப்பையை எடுத்தாள். “அவன் அடக்கத்துல அதைப் போட்டாங்க. எல்லாரும் அழுதாங்க. எனக்கு மட்டும் சிரிப்பு வந்தது. சிரிச்சா நல்லாருக்காதேன்னு வாயைப் பொத்திக்கிட்டேன். நான் அழறேன்னு நெனச்சாங்க. அந்த நாள்ல போடற பாட்டெல்லாம் கேட்டுப்பாரு. காத்து, மலை, பூ, வீரன். என் மகன் வீரன் இல்ல. உங்கிட்ட ரெண்டு தடவ ஃபெயில் ஆனான்.”

“மூணாவது தடவை பாஸ் ஆனான்ல?”

“உன்னாலதான் ரெண்டு தடவை ஃபெயிலு. ஒழுங்கா வண்டியப் பின்னால எடுத்து நிறுத்தக் கத்துக்குடுக்கல. சரி, மேடையில என்ன செய்யப் போறே?”

“அதைத்தான் பாடப்போறேன். எழுதின மாதிரி. வேகமா.”

சிமி டீயைக் குடித்து முடித்தாள். “புள்ள போன வீட்டுக்காரங்க நாங்க அன்னிக்குச் சாயங்காலம் வெளிய வரமாட்டோம். தெரியும்ல? பாதி வீட்டுல ஜன்னலைச் சாத்திப்போம். எட்டு மணிக்கு அழு, எட்டரைக்கு ஆடுன்னா, எனக்கு அந்த ஸ்விட்ச் இல்ல.” எழுந்து தட்டை எடுத்தாள். “பாடு. உன் பாட்டுதானே? எங்கிட்ட வந்து அனுமதி கேக்கறான் பாரு, ஓட்டுநர் தேர்வுக்கு வந்த மாதிரி.”

சுதந்திர நாள் மாலை. கடற்கரைச் சதுக்கம் நிறைந்திருந்தது. பிளாஸ்டிக் சுத்தியலால் ஒருவர் மண்டையில் ஒருவர் தட்டிக்கொண்டார்கள், நுரை டப்பாவைப் பீய்ச்சிக்கொண்டார்கள். பொரித்த மாவும் சர்க்கரையும் மணந்தன. திக்வா மேடையோரம் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினாள். ஹனன்யா நீலப் பூச்சட்டை போட்டிருந்தார். இருபத்தைந்து வருஷத்தில் வெள்ளைச் சட்டை இல்லாமல் அவரை யாரும் மேடையில் பார்த்ததில்லை. “ஸ்லாவா, ஒண்ணு, ரெண்டு, மூணு” என்றார்.

தர்புக்காத் தாளம் கிளம்பியது. முன்னால் நின்றவர்கள் தலையாட்டினார்கள். ஹனன்யா பாடினார்: *என் தூத்...*

மெட்டு எத்தனை ஓடினாலும் மெட்டு மெட்டுதான். இரண்டாவது அடி முடிவதற்குள் சதுக்கம் அதை அடையாளம் கண்டுகொண்டது. முன்வரிசையில் ஒரு தடித்த ஆள் பிளாஸ்டிக் சுத்தியலைத் தொடையோடு ஒட்டி வைத்துக்கொண்டு விறைப்பாக நின்றான். பக்கத்திலிருந்த பெண்கள் நுரை டப்பாவைக் கீழே வைத்தார்கள். மாவு பொரிப்பவன் கரண்டியை நிறுத்தினான். அலைபோல, முன்னாலிருந்து பின்னால்வரை, ஆயிரம் பேர் தலையைக் குனிந்து அசையாமல் நின்றார்கள். தலைமுடி முழுக்க நுரையோடு, நெற்றியில் நீல வெள்ளைச் சாயத்தோடு. ஸ்லாவாவின் கை தளர்ந்தது. தாளம் பாதியாயிற்று. பிறகு நின்றேவிட்டது.

“ஆடுங்கய்யா!” என்றார் ஹனன்யா மைக்கில். “இது தூத்! டேங்க்! மாடியில இருக்கிற டேங்க்! தாவீத் இல்ல!”

முன்வரிசையில் ஒரு பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “பாவம், மனுஷனுக்குத் தாங்கல” என்று அவள் சொன்னது மேடைவரை கேட்டது.

“தாங்குது! எனக்கு நல்லாத் தாங்குது! தண்ணி சூடாகலம்மா, அவ்வளவுதான்!”

யாரோ, “தைரியமா இரு ஹனன்யா!” என்று கத்தினார்கள். திக்வா இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டாள். இனி என்ன சொன்னாலும் அழுகையாகத்தான் போய்ச் சேரும் என்பது ஹனன்யாவுக்குப் புரிந்தது. மைக்கைத் திரும்ப மாட்டிவிட்டு இறங்கிப் போய்விடலாமா என்றுகூட நினைத்தார். ஒரு காலைப் பின்னால் வைத்தாயிற்று.

அப்போது கூட்டத்தின் இடது ஓரத்திலிருந்து, கார் நிறுத்துமிடத்துப் பக்கமாக, ஒரு கிழட்டுக் குரல், வாழ்நாளெல்லாம் அடுக்களையிலிருந்து குளியலறைக்குக் கத்திப் பழகிய குரல், சதுக்கம் முழுக்கக் கேட்டது:

“டேய்! தூத்தை அணைச்சியாடா?”

வீட்டு உடுப்பில், மேலே ஒரு ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு, பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றின் முதுகைப் பிடித்தபடி சிமி ஓகானா நின்றுகொண்டிருந்தாள்.

ஆயிரம் தலையும் திரும்பியது. எல்லோருக்கும் அவளைத் தெரியும். அன்று காலையில்தான் முதல் வரிசையில் பார்த்திருந்தார்கள். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு என்ன செய்வதென்று அவர்கள் முடிவு செய்யக் காத்திருந்தார்கள். சிமி சிரித்துக்கொண்டிருந்தாள், வாயைப் பொத்தாமல். “கரண்டு பில் உங்கப்பனா கட்டுவான்?” என்று இன்னொரு வரியைச் சேர்த்தாள்.

அந்த வாக்கியத்தைக் கேட்காமல் அந்த நாட்டில் ஒருவரும் வளர்ந்ததில்லை. முதலில் தடித்த ஆள்தான் வெடித்துச் சிரித்தான். பிறகு நாலு பேர். பிறகு சிரிப்பு பின்வரிசையிலிருந்து திரும்பி வந்து மேடையில் மோதியது. “அணைக்கல!” என்று எவனோ கத்தினான். “அணைக்கல!” என்று பத்துப்பேர். ஸ்லாவா குச்சியை எடுத்தான், இந்தத் தடவை எழுதியதைவிட வேகமாக, மூச்சு வாங்கும் வேகத்தில். ஹனன்யா துரத்திக்கொண்டு பாடவேண்டியிருந்தது. இரண்டு இடத்தில் சுருதி போயிற்று. ஒரு பயல் நுரையை நேராக அவர் வாய்க்குள் அடித்தான். துப்பிவிட்டுப் பாடினார். ‘சின்னச் சிவப்பு விளக்கு’ வந்தபோது சதுக்கமே சேர்ந்து கூச்சலிட்டது. சிலர் ஆடினார்கள். சிலர் சிரித்துக்கொண்டே அழுதார்கள். இரண்டும் நடந்தது, அதை அவரால் தடுக்க முடியவில்லை.

மூன்று நிமிஷத்தில் பாட்டு முடிந்துவிட்டது.

பதினேழு நிமிஷம் பாக்கி. இழுப்பறையில் நாற்பது பாட்டு. ஹனன்யா கண்ணைத் துடைத்துக்கொண்டு, தன் பாட்டுகளிலேயே மிகச் சிறந்தது என்று தான் நம்பும் ஒன்றை எடுத்தார். அடுக்குமாடிக் குடியிருப்போர் கூட்டத்தில் படிக்கட்டுச் சுத்தம் பற்றி மூன்று மணி நேரம் சண்டை போடும் எட்டுக் குடும்பங்களைப் பற்றியது. முதல் அடி நன்றாகத்தான் போயிற்று. இரண்டாவது அடியில் கடல்பக்கம் வாணவேடிக்கை ஆரம்பித்தது. கால் மணி நேரம் முன்னதாகவே. சதுக்கம் மொத்தமும் முதுகைக் காட்டிக்கொண்டு அந்தப் பக்கம் ஓடியது. திக்வா தொலைபேசியில் எவனையோ திட்டிக்கொண்டே தானும் அந்தப் பக்கம் ஓடினாள்.

“நிறுத்திடலாமா?” என்றான் ஸ்லாவா.

“எதுக்கு நிறுத்தணும்? எனக்குக் குடுத்தது இருபது நிமிஷம்.”

முழங்கால் போன சிமி மட்டும் நகரவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து, ஸ்வெட்டரை இழுத்துவிட்டுக்கொண்டு, படிக்கட்டுப் பாட்டைக் கடைசிவரை கேட்டாள். ஹனன்யா முடித்துவிட்டு அவளைப் பார்த்தார்.

“எப்படி?”

“இது அவ்வளவு நல்லா இல்ல” என்றாள் சிமி. “அடுத்ததைப் பாடு.”

“அதென்ன நல்லா இல்ல? முழுசாக் கேட்டீங்களா? பட்டாசுச் சத்தத்துல என்ன கேட்டிருக்கும்?”

“கேட்டுது. நீளம்.”

ஹனன்யா பல்லைக் கடித்துக்கொண்டு, கீபோர்டின் சுருதியை ஒரு படி இறக்கி, அடுத்ததை ஆரம்பித்தார்.